பதக்கம் தெரிய நிற்கவும்

ராணுவ முகாம் இருக்கும் எங்கள் ஊர் ஃபயட்வில்லிலிருந்து பஸ் பிடித்து நாங்கள் தலைநகருக்குப் போனது ஒரு மசோதாவுக்காக. மாதவிடாய் நிற்கும் காலத்தில் ராணுவப் பெண்களுக்கும், ஓய்வு பெற்ற எங்களைப் போன்றவர்களுக்கும் என்ன ஆகிறது என்று ஆராயச் சொல்லும் மசோதா. ஆராயச் சொல்லும் என்றால் உடனே ஆராய்ந்துவிடுவார்கள் என்று பொருளில்லை. இதுவரை யாராவது ஆராய்ந்திருக்கிறார்களா என்று முதலில் ஆராய்வார்கள். எந்த லாரிக்கு எந்தப் பாலைவனத்தில் ரேடியேட்டர் கொதிக்கும் என்று எங்கள் ராணுவத்துக்கு அத்துப்படி. அதை ஓட்டியவளுக்கு நாற்பத்தேழு வயதில் ஏன் கொதிக்கிறது என்பதுதான் தெரியாது.

ஓட்டியவள் என் தோழி கார்லிஸ் டீக். ஈராக்கில் எனக்கு முன்னால் போன லாரி அவளுடையது. ஊர் திரும்பிப் பல வருஷம் கழித்து அவளுக்குத் தூக்கம் போயிற்று. படபடப்பு, மறதி, எரிந்து விழுதல், விரிப்பு நனையும் வியர்வை. டாக்டர் ஈராக் என்ற சொல்லைக் கேட்டதும் மேற்கொண்டு எதையும் கேட்கவில்லை. போர் தந்த மனநோய் என்று எழுதி, மாத்திரை கொடுத்தார். ஒரு ஜனவரி விடியற்காலை, மகள் டெனிஸ் வீட்டில் கார்லிஸ் அனல் தாங்காமல் வாசல் கதவைத் திறந்துபோட்டுவிட்டுப் பனியில் வெறுங்காலோடு போய் நின்றாள். உள்ளே பேரன் குளிரில் அலறினான். அன்றிலிருந்து டெனிஸ் பிள்ளையை அவள் கையில் தருவதில்லை.

போன வருஷம் வந்த புது டாக்டரம்மாதான், இது போரும் இல்லை, மனநோயும் இல்லை, வயதின் மாற்றம் என்றார். கார்லிஸ் அதை மகளிடம் சொல்லிப் பார்த்தாள். நோயாளிகள் எல்லோரும் இப்படித்தான் சொல்வார்கள் என்று மகள் எங்கோ படித்திருந்தாள்.

"டிவியில சொன்னா நம்புவாடி, வெர்டெல்," என்றாள் கார்லிஸ் பஸ்ஸில். "பெரிய மனுஷன் பக்கத்துல நின்னு சொல்றேன். எனக்குப் பைத்தியம் இல்லம்மான்னு. ரெண்டே நிமிஷம்."

"பெரிய மனுஷன் விட்டாத்தானே நீ பேச."

"விடுவார்டி. என் பேரு நிகழ்ச்சி நிரல்ல இருக்கு."

ஜூலை வெயிலில் புல்வெளியில் மேடை. எங்கள் தொகுதி உறுப்பினர் பிரிட்ஜர்ஸுக்கு மட்டும் நிழல். அவருக்குப் பின்னால் எங்களை உயர வாரியாக நிறுத்தினான் அவருடைய உதவியாளன்.

"மேடம், யூனிஃபார்ம் ஜாக்கெட்டை மட்டும் கழட்டிடாதீங்க. மெடல் தெரியணும்."

"தம்பி, கம்பளித் துணிப்பா இது," என்றேன். "எங்க பிரச்சினை என்னன்னு உங்க ஐயா மசோதாவைப் படிச்சாரா?"

"ஐயாவுக்குச் சுருக்கம் கொடுத்திருக்கோம் மேடம்."

பிரிட்ஜர்ஸ் பேசினார். சுதந்திரம் பற்றிப் பேசினார். தன் தாயார் சுட்ட ஆப்பிள் பை பற்றிப் பேசினார். மசோதாவின் தலைப்பில் இருக்கும் அந்த ஒரு சொல்லை மட்டும் அவர் வாயால் சொல்ல முடியவில்லை. "வாழ்க்கையின் இந்த அழகிய கட்டம்" என்றார். பின்வரிசையில் ஒருத்தி, "அழகைக் கொண்டுபோய் அவர் வீட்டுல வைக்கச் சொல்லு," என்று முணுமுணுத்தாள். கார்லிஸ் சிரிக்கவில்லை. அவள் கழுத்தில் சிவப்பு ஏறிக்கொண்டிருந்தது.

"வந்துருச்சா?" என்றேன் உதடு அசையாமல்.

"ம்."

"உட்காருடி."

"அணியை விட்டு விலகினா என் முறை போயிடும்."

முழங்காலை லேசாக மடக்கி, முதல் மாதப் பயிற்சியில் கற்றுக் கொடுத்தபடி, மயங்கி விழாமல் நின்றாள். வியர்வை கண்ணில் இறங்கியது. ஐயா ஆப்பிள் பைக்கே திரும்பிப் போனபோது அவளால் முடியவில்லை. ஜாக்கெட்டைப் பிய்த்துக் கழற்றினாள். ஒரு பதக்கம் புல்லில் விழுந்தது. கேமராக்கள் எல்லாம் அவள் பக்கம் திரும்பின. பிரிட்ஜர்ஸும் திரும்பினார், அவள் தோளில் கை வைத்து, குரல் தழுதழுக்க, "போர் இவர்களை விட்டுப் போவதே இல்லை," என்றார்.

"இல்லை சார், இது போர் இல்..." என்று ஆரம்பித்தாள்.

அதற்குள் சபையில் வாக்கெடுப்புக்கு மணி அடித்துவிட்டது. ஒரு தபால் நிலையத்துக்குப் பெயர் வைக்கும் அவசர வாக்கெடுப்பு. அவர் ஓடினார். உதவியாளன் மைக்கை அணைத்து, ஒயரைச் சுற்ற ஆரம்பித்தான்.

"தம்பி, என் பேரு இருக்கே."

"எழுத்துல கொடுத்துடுங்க மேடம். பதிவுல சேர்த்துடுவோம்."

மாலைச் செய்தியில் மசோதா வரவில்லை. கார்லிஸ் வந்தாள்: கண்கள் வழிய, ஜாக்கெட்டைக் கிழித்தெறியும் கோலத்தில். போரின் நினைவு தாங்காமல் குமுறிய வீராங்கனை என்று கீழே எழுத்து ஓடியது. பஸ் இன்னும் தலைநகர் எல்லையைத் தாண்டவில்லை, டெனிஸிடமிருந்து செய்தி வந்துவிட்டது. கார்லிஸ் படித்துவிட்டுப் போனை என்னிடம் நீட்டினாள்.

"அம்மா, டிவியில பாத்தேன். மாத்திரை போட்டியா?"

"நான் பேசட்டுமா அவகிட்ட?" என்றேன்.

"நீ என்னடி சொல்லுவ? நீயும் அந்த லாரிக் கூட்டம்தானே அவளுக்கு."

போனை வாங்கிக்கொண்டாள். அவள் அடிப்பதை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். டெனிஸை எனக்கு அவள் பள்ளிக்கூடம் போகாத வயதிலிருந்து தெரியும், என்ன பதில் வரும் என்பதும் தெரியும்.

"போட்டேன் கண்ணு. பழைய டாக்டர் சொன்னதுதான் சரி. எனக்கு அந்த வியாதிதான். ஒழுங்கா மாத்திரை சாப்பிடறேன். ஞாயித்துக்கிழமை வந்து பிள்ளையைப் பாத்துக்கட்டுமா? நீ கூடவே இரு."

அனுப்பிவிட்டு, ஜாக்கெட்டை மடியில் விரித்து, பதக்கம் விழுந்த இடத்தில் இருந்த ஓட்டையை விரலால் தடவிக்கொண்டே இருந்தாள். ரிச்மண்ட் தாண்டும்போது பதில் வந்தது.

"பார்க்கலாம்மா."