நான்கு கோல்களுக்குப் பிறகும்

முடிவு தெரியாது, அதுதான் காரணம், வேறென்ன இருக்கிறது இதில், இருபத்திரண்டு பிள்ளைகள் ஒரு பந்தைத் துரத்துகிறார்கள், அதைப் பார்க்கக் கரைத்தீவிலிருந்து இரண்டு வான் வண்டி பிடித்து வந்திருக்கிறார்கள் இந்தப் பெண்கள்... மூன்று கிழமைக்கு முன்னால் இதே புத்தளத்தில், இந்த மைதானத்திலிருந்து கூப்பிட்டால் கேட்கும் தூரத்து மண்டபத்தில், இவர்களுடைய சொந்தக் கதையையே றம்லா நாடகமாகப் போட்டாள், வந்தவர்களை எண்ணக் கைவிரலும் கால்விரலும் போதுமாக இருந்தது. முடிவு தெரியாததால் வருகிறார்கள் என்று கொப்பியில் எழுதினாள், எழுதி அடியில் கோடும் போட்டாள். கொழும்பில் நடந்த நாடகப் பட்டறையில் பாடம் எடுத்த மனிதர், கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு பேசுகிறவர், இதைத்தான் சொல்லி அனுப்பினார், பெரிய விளையாட்டுப் போட்டி ஒன்றுக்குப் போங்கள், பந்தைப் பார்க்காதீர்கள், சனத்தைப் பாருங்கள், நாடகம் தயாரிக்கிறவர்களுக்கு வேண்டிய பாடமெல்லாம் அங்கே சும்மா கிடக்கிறது என்று. சரி, வந்தாயிற்று. கிண்ணத்துக்கான இறுதி ஆட்டத்தை விடப் பெரிதாக இந்த ஊரில் என்ன நடந்துவிடப் போகிறது? நிஃப்லா அவளோடு படிப்பிக்கிற டீச்சர், அவளுடைய வீடு மைதானத்து மதிலோடு ஒட்டியது, மேல்தட்டுக்கு இன்னும் சுவர் எழும்பவில்லை, கம்பிகள் வானத்தைப் பார்த்து நிற்கின்றன, மெட்ச் நாளில் அந்தத் தட்டு பெண்களுக்கு. யாரும் சட்டம் போடவில்லை, யாரும் அழைப்பிதழ் கொடுக்கவில்லை, கீழே மைதானத்தைச் சுற்றி ஆண்கள், மேலே பெண்கள், படிக்கட்டில் செருப்பு வைக்க இடமில்லை. கச்சான் கடலை வருகிறது, இறால் வடை வருகிறது, கைக்குழந்தை மடி மாறி மடி போகிறது. என் மண்டபத்தில் கச்சான் கொறிக்கக்கூடாது என்று நானே வாசலில் நின்று பறித்து வைத்தேனே... அதையும் எழுதுவதா?

கையில் போன் அதிர்ந்தது. மண்டபத்தைத் திறந்து பூட்டுகிற நூஹு நானாதான், வேறு யார். "டீச்சர், மெட்ச் முடியிறதுக்குள்ள ஒரு சொல்லு சொல்லுங்க. நாளைக்கு ஹோல் வேணுமா, வேணாமா? ஒரு கலியாண ஊட்டுக்காரங்க என்னப் போட்டு அரிக்கிறாங்க." சொல்கிறேன் நானா என்றாள். இரண்டாம் பாதி தொடங்கி ஐந்து நிமிடம் ஆகியிருந்தது, அப்படியானால் இன்னும் நாற்பது நிமிடம், அதற்குள் எட்டு வருடத்துக் குழுவை வைத்திருப்பதா விடுவதா என்று சொல்லிவிட வேண்டும். நாளைக்கு நாடகத்தை மறுபடி போடாவிட்டால் பிள்ளைகள் கலைந்துவிடுவார்கள், குழு இல்லை, அது அவளுக்குத் தெரியும். சியாம், வாப்பா வேடம் கட்டுகிறவன், முகத்துக்கு நேரேயே சொல்லிவிட்டான், ஆளில்லாத வெறுங்கதிரைக்கு இன்னொரு தடவை நடிக்கச் சொன்னால் கும்பிடு போட்டுவிட்டுக் கட்டாருக்குப் போய்விடுவேன் டீச்சர் என்று. நாளைக்குப் போட்டு மறுபடியும் யாரும் வராவிட்டாலும் குழு இல்லை. இந்தப் பக்கம் போனால் பள்ளம், அந்தப் பக்கம் போனால் குழி... விட்டுவிடலாமா? கலியாணமாவது நடக்கட்டுமே அந்த மண்டபத்தில், பிரியாணிக்கு வருகிற சனம் நாடகத்துக்கு வரவா போகிறது, ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், இதோ நானும் சனத்தைக் குறை சொல்லத் தொடங்கிவிட்டேன்.

இரண்டு ஆள் தள்ளி அஸ்ரியா ராத்தா இருந்தார். வந்ததிலிருந்து இந்தப் பக்கம் திரும்பவில்லை. ஸலாம் சொன்னதற்குப் பதில் வந்தது, வராமல் இருக்காது, ஆனால் அது மைதானத்தைப் பார்த்தபடி வந்தது. கரைத்தீவு அணியின் கோல் காக்கிற ஃபஸ்லான் அவருடைய மகன், அதனால் அவர் கண் எடுக்க மாட்டார்தான், ஆனாலும் றம்லாவுக்குத் தெரியும் காரணம் அது மட்டுமில்லை என்று. தொண்ணூறில் வடக்கு முஸ்லிம்களை ஊரைவிட்டு விரட்டியபோது மன்னாரிலிருந்து ஒரே வள்ளத்தில் வந்தவர்கள் இரண்டு குடும்பமும், றம்லாவுக்கு அப்போது எட்டு வயது, ராத்தாவுக்குப் பதினாலு, முகாமில் ஒரே கொட்டில், ஒரே கிணறு, கூடப் பிறக்காத அக்கா போல அவளுக்கு முதன்முதல் பேன் பார்த்து விட்டதே அவர்தான்... அந்த ராத்தாவைத்தான் நான்... முதல் கோல் ஏற்கெனவே விழுந்திருந்தது, இப்போது இரண்டாவது. புத்தளம் டவுன் அணிக்காரன் ஒருவன் மூலையிலிருந்து அடித்தான், ஃபஸ்லான் பாய்ந்தான், பந்து அவன் பாய்ந்த பக்கத்துக்கு மறுபக்கம் போயிற்று. "எங்கடா பாயிற, எங்கடா பாயிற!" என்று ராத்தா எழும்பி நின்று கத்தினார், மைதானத்துக்குக் கேட்குமா அது, கேட்காது, கேட்காவிட்டால் என்ன, கத்துவதற்கு யாருக்கும் கேட்கவேண்டியதில்லை. நடுவருக்குக் கண் தெரியவில்லை என்றார் ஒருவர். அந்த ஒன்பதாம் நம்பருக்குக் காலையில் சாப்பாடு கொடுக்கவில்லையா என்று கேட்டார் இன்னொருவர். ஒன்பதாம் நம்பரின் மாமியாரும் அங்கேதான் இருந்தார், கொடுத்தோம், மூன்று ரொட்டி தின்றான், தின்றது காலுக்கு இறங்கவில்லை என்றார், தட்டு முழுக்கச் சிரித்தது.

மூன்றாவது கோல். சரி, இப்போது ஒவ்வொருவராகக் கிளம்புவார்கள், பார், முடிவு தெரிந்துவிட்டதே, என் பாடம் சரியா பிழையா என்று இப்போது தெரிந்துவிடும்... றம்லா கொப்பியை மடியில் வைத்துக்கொண்டு படிக்கட்டைப் பார்த்தாள். யாரும் எழும்பவில்லை. நான்காவது கோலும் விழுந்தது, இன்னும் இருபது நிமிடம் இருக்கிறது, இனிக் கிண்ணம் டவுனுக்குத்தான், கடல் வற்றினாலும் மாறாது, அது கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும், அப்படியிருந்தும் ஒருவராவது செருப்பைத் தேட வேண்டுமே, இல்லை. எதைப் பார்க்கிறார்கள்? முடிவு தெரிந்த ஆட்டத்தில் பார்க்க என்ன இருக்கிறது? எங்கள் கதையின் முடிவு ஊருக்கே தெரியும், அதனால்தான் வரவில்லை என்று மூன்று கிழமையாக என்னை நானே தேற்றிக்கொண்டிருந்தேனே... கீழே ஃபஸ்லான் மட்டும் தனியே நின்றான், சட்டை முழுக்கச் சேறு, கையுறையைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டான். அப்போது டவுன் பிள்ளைகளுக்குப் பெனால்டி கிடைத்தது. போச்சு, ஐந்து, என்று நினைத்தாள் றம்லா, ஆனால் தட்டு அப்படியே அடங்கிப்போயிற்று, வடை கடித்தவர் கடித்தபடி, ராத்தாவின் உதடு மட்டும் அசைந்தது, ஏதோ ஓதுகிறார். அடித்தான். ஃபஸ்லான் இடது பக்கம் விழுந்தான், பந்து அவன் நெஞ்சில் பட்டுத் திரும்பியது. அப்படியொரு சத்தம்! கிண்ணமே கிடைத்துவிட்டது என்று நினைக்கவேண்டும் கேட்கிறவர்கள், கிழவிகள் கைதட்டினார்கள், ஒன்பதாம் நம்பரின் மாமியார் ராத்தாவைக் கட்டிக்கொண்டார், நான்குக்குப் பூச்சியம், தோற்ற ஆட்டம், அதில் இவ்வளவு சந்தோஷம். றம்லா கோடு போட்டு எழுதிய வரியை வெட்டினாள். முடிவு இல்லை... ஆட்கள்... ஆடுகிறது தங்கள் பிள்ளை, பிழைவிட்டால் எழும்பித் திட்டலாம், சரியாகச் செய்தால் எழும்பிக் கத்தலாம், எழும்பினால் யாரும் இழுத்துக்கொண்டு போகமாட்டார்கள்.

இழுத்துக்கொண்டு போகமாட்டார்கள்... அந்தச் சொல்லை எழுதியதும் பேனாவை நிறுத்தினாள். மூன்று கிழமைக்கு முன்னால், மண்டபத்தில், வள்ளக் காட்சி அது. இனாஸ், பள்ளிக்கூடத்திலேயே நன்றாக அழத் தெரிந்த பிள்ளை, உம்மா வேடத்தின் மடியில் முகம் புதைத்து அழுதுகொண்டிருந்தாள், நீல விளக்கு, கடல் சத்தம், எல்லாம் எவ்வளவு அழகாக வந்தது அன்றைக்கு, மூன்றாம் வரிசையில் அஸ்ரியா ராத்தா எழும்பினார். "அழல்ல! அங்க ஒருத்தரும் அழல்ல!" என்றார். ஒருமுறை சொல்லிவிட்டு அமர்ந்திருந்தால்... அமரவில்லை, மேடையை நோக்கி நடந்தார், கையை நீட்டி இனாஸை, எழும்பு புள்ள, எழும்பு என்றார். மண்டபத்தின் மற்றப் பக்கத்தில் பள்ளிவாசல் ஜமாஅத்திலிருந்து வந்த இரண்டு பேர். ஒழுங்காக நடக்கும், ஆண் பெண் வேறு வேறு, கூச்சல் குழப்பம் இராது என்று றம்லாதான் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தாள், பெண் ஒருத்தி எழும்பிச் சத்தம் போட்டாள் என்றால் இனி நாடகம் என்ற பேச்சே ஊரில் இராது, ஊர்வாயை மூட உலைமூடி ஏது. பயம்தான். வேறொன்றும் இல்லை, சும்மா பயம். திரைக்குப் பக்கத்திலிருந்து வாசலில் நின்றவர்களுக்குக் கண்ணைக் காட்டினாள். அவர்கள் ராத்தாவின் முழங்கையைப் பிடித்து வெளியே கொண்டுபோய் விட்டார்கள். வெளியே தூறிக்கொண்டிருந்தது. வந்திருந்த கொஞ்சப் பேரில் பாதிப் பேர் அவருக்குச் சொந்தம், அவர்களும் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு எழும்பிப் போனார்கள். இனாஸ் அழுதுகொண்டேயிருந்தாள், விளக்கு நீலமாகவே இருந்தது, ஓம், எல்லாம் மிக ஒழுங்காக நடந்து முடிந்தது. என்ன மாதிரியான பெண் நான்? பேன் பார்த்த கையைப் பிடித்து வெளியே போடச் சொன்னேன்.

கொப்பியை மூடிவிட்டு நகர்ந்து போய் ராத்தாவின் பக்கத்தில் இருந்தாள். மன்னிப்புக் கேட்க மூன்று கிழமையாகச் சொற்களைச் சேர்த்து வைத்திருந்தாள், ஆனால் வந்தது இதுதான், "மகன் நல்லாத்தான் புடிக்கிறான் ராத்தா."

"நாலு வாங்கிட்டு நிக்கிறான்," என்றார் அவர், திரும்பாமலே. "நீ எல்லாத்துக்கும் இப்புடித்தான் மேல சுண்ணாம்பு பூசுற."

அது எங்கே போய்க் குத்தவேண்டுமோ அங்கே குத்தியது. கோபமாகவும் வந்தது, வெட்கமாகவும் வந்தது, எது முதலில் என்று தெரியவில்லை, கோபத்தைத்தான் முதலில் பிடித்துக்கொண்டாள். "அப்ப என்னதான் நடந்திச்சு வள்ளத்துல? நீங்களே சொல்லுங்களேன்."

"சிரிச்சம்."

"என்ன?"

"சிரிச்சம் எண்டு சொல்றன். காது கேக்கல்லியா?" இப்போதுதான் ராத்தா திரும்பினார். "உடுப்புப் பொட்டி கொண்டுபோக உடமாட்டாங்க எண்டு உங்கட உம்மா உனக்கு ஆறு சட்டைய ஒண்டுக்கு மேல ஒண்டாப் போட்டு உட்டிருந்தாங்க. பூசணிக்கா மாதிரி இருந்த. குந்த ஏலா, வளைய ஏலா. அல வரக்குள்ள உருண்டு போய் எங்கட வாப்பாட மடியில உழுவ, மத்த அல வரக்குள்ள திரும்ப உருண்டு வருவ. முதல்ல சிரிச்சது நீதான். பொறகு உங்கட உம்மா. பொறகு வள்ளமே சிரிச்சிச்சு. ஓட்டிக்கொண்டு வந்தவன் பயந்துட்டான், இதுகளுக்குப் பைத்தியம் புடிச்சிட்டு எண்டு." மைதானத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டார். "அழுகையெல்லாம் கற்பிட்டிக் கரையில இறங்கின பொறகு. நீ அப்ப நித்திர. அதத்தான் சொல்ல வந்தன் அண்டைக்கு. சொல்ல உட்டியா?"

"இல்ல," என்றாள் றம்லா. "உடல்ல. பயந்துட்டன் ராத்தா."

ராத்தா கச்சான் சுருளை அவள் பக்கம் நீட்டினார். அவள் ஒன்று எடுத்தாள், உரிக்கவில்லை, கையிலேயே வைத்திருந்தாள். கீழே நீண்ட விசில் ஊதிற்று, டவுன் பக்கம் வெடி கொளுத்தினார்கள், தோற்ற பிள்ளைகள் புல்லில் அப்படியே மல்லாந்தார்கள், இங்கே பெண்கள் இன்னும் பெனால்டியைப் பற்றித்தான் கதைத்துக்கொண்டிருந்தார்கள். போன் அடித்தது.

"என்ன டீச்சர், என்ன முடிவு?"

"வேணும் நானா. நாளைக்கு ஹோல் எனக்கு வேணும்." சொல்லிவிட்டாள், சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவளுக்கே கேட்டது.

"நான் வந்தா சத்தம் போடுவன்," என்றார் ராத்தா, முந்தானையில் விழுந்த கச்சான் கோதைத் தட்டிக்கொண்டு. "இப்பவே சொல்லிட்டன்."

போடட்டும். ஜமாஅத்துக்கு என்ன சொல்வது, அதை நாளைக்குக் காலையில் பார்ப்போம். ஆனால் இனாஸுக்கு என்ன சொல்வது, அழு என்பதா, சிரி என்பதா, ஆறு சட்டையோடு உருள் என்பதா... உண்மையில் அந்த வள்ளத்திலிருந்து றம்லாவின் நினைவில் தங்கியது ஒரே ஒன்றுதான், வேறெதுவும் இல்லை, அலையில்லை, ஆட்களில்லை, இருட்டில் உம்மாவின் வயிற்றில் காதை வைத்துப் படுத்திருந்ததும் அந்த வயிறு விட்டுவிட்டுக் குலுங்கியதும். அந்தக் குலுக்கலை வைத்துத்தான் முழுக் காட்சியையும் கட்டினாள், நீல விளக்கு போட்டாள், இனாஸை அழவைத்தாள். உம்மா மௌத்தாகி ஏழு வருடம், இனிக் கேட்க ஆளில்லை. வயிறு குலுங்கியது என்னவோ நிச்சயம். எதற்காகக் குலுங்கியது என்று ஒருநாளும், உம்மா உயிரோடிருந்த ஒருநாளிலும், அவள் கேட்கவில்லை.