வாசனைப்புல்லுக்கு ஒரு வடக்கு

வாளியிலிருந்த வாசனைப்புல் மஞ்சளடிக்கத் தொடங்கியிருந்தது. அம்மாவின் வீட்டை இடித்த அன்று, துணி துவைக்கும் இடத்தருகிலிருந்து லெவினா பெயர்த்து வந்த புல் அது. அலசிய தண்ணீரைக் குடித்தே அங்கே இடுப்புயரம் வளர்ந்தது. அந்த வீட்டுப் போர்வைகள்கூட அதன் மணத்தோடுதான் இருக்கும்.

கனடாவின் மனிட்டூலின் தீவில் தன் வீட்டு முற்றத்தில், பழங்குடி முன்னோர் வழக்கப்படி கற்களை வட்டமாக அடுக்கி நாலாகப் பிரித்திருந்தாள் லெவினா. கிழக்கே நெருப்புக்குப் புகையிலை, தெற்கே மண்ணுக்கு சீடார் மரக்கன்று, மேற்கே தண்ணீருக்கு சேஜ் செடி, வடக்கே காற்றுக்கு வாசனைப்புல். மற்ற மூன்றும் வேர் பிடித்துக்கொண்டன. வடக்குப் பக்கம் மட்டும் வெறும் சரளை. அங்கே நட்ட பாதிப் புல் ஒரே வாரத்தில் கருகிப்போனது. மீதிதான் வாளியில்.

"தண்ணியோட திசையில நிக்கிற சேஜுக்குத் தண்ணியே ஆகாது. காத்தோட திசையில நிக்கிற புல்லுக்குத் தண்ணி இல்லாம ஆகாது. நல்ல தோட்டம்க்கா!" என்றான் தம்பி ஹெக்டர். "தெக்கால வாய்க்கால் ஓரம் ஈரமாத்தான இருக்கு? அங்க வையேன்."

"அதோட இடம் வடக்குடா."

"அம்மா என்ன, திசை பாத்தா நட்டா?"

அவள் வாய்க்காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்தாள்.

"வடக்கை நகத்த முடியாது. வட்டத்தை நகத்தலாம். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் போட்டா, ஈரம் வடக்கால வந்துடும்."

"அங்க என் வண்டி நிக்குது!"

"பத்து வருஷமா அது எந்தத் திசையிலயும் போகலையேடா."

"இந்தக் கோடையில ஓட்டிக் காட்டுறேன்."

"போன கோடையிலயும் இதையேதான் சொன்ன."

அப்பா மீன் ஏற்றிப்போன வண்டி அது. ஹெக்டர் வண்டியைப் பார்த்தான். வாளியைப் பார்த்தான். போய், பக்கத்து வீட்டு டிராக்டரோடு வந்தான்.

வண்டி நின்ற இடத்தில் மண் கறுப்பாக இருந்தது. லெவினா மண்ணுக்குக் காணிக்கையாக ஒரு சிட்டிகை புகையிலையைத் தூவிவிட்டுத் தோண்டினாள்.

மறு வருஷக் கோடையில் ஒரு சடை பின்னும் அளவுக்குப் புல் தேறியது. சின்ன வயதில் அம்மா பின்ன, நுனியைப் பிடித்துக்கொள்வது ஹெக்டரின் வேலை. ஒரு ஈ பறந்தால் போதும், விட்டுவிடுவான். அம்மா முதலிலிருந்து பின்னுவாள்.

இப்போதும் அவன்தான் பிடித்தான். மூக்கு நுனியில் ஒரு ஈ வந்து உட்கார்ந்தது.

"விட்டுடாதடா."

"நீ சீக்கிரம் பின்னுக்கா," என்றான், உதடு அசையாமல்.