மரச்சில்லுப் படுகை

2016 நவம்பர் 19, சனிக்கிழமை, விஸ்கான்சினில் துப்பாக்கி மான்வேட்டைப் பருவம் தொடங்கியது.

எல்லோரும் காட்டுக்குப் போயிருந்ததால் படகு கட்டும் கூடத்தில் ஆளில்லை. படகுகளுக்குப் பிசின் தெளிக்கும் பகுதி மூடிக் கிடந்தது. வெர்னா கோல்ஸ்டாட் மட்டும் தினமும் வந்துபோனாள். பிசினிலிருந்து கிளம்பும் ஸ்டைரீன் என்ற ரசாயனத்தின் நெடியைப் பின்கட்டிலிருந்த மரச்சில்லுப் படுகை வழியாகத்தான் வெளியே விடுவார்கள். குழாய்த் தண்ணீரில் நனைந்துகொண்டே இருக்கும் சில்லுகளில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் அதைத் தின்றுவிடும். வேலை நின்றால் அவற்றுக்கும் பட்டினி. அதனால் வெர்னா ஒரு தட்டில் கொஞ்சம் ஸ்டைரீன் ஊற்றி படுகைக்குள் காற்றைத் தள்ளும் விசிறியின் வாயில் வைப்பாள்.

வேட்டை முடிந்த திங்களன்று மாநில அதிகாரிகள் காற்றைச் சோதிக்க வருகிறார்கள். ஏற்கெனவே ஒருமுறை சோதனையில் தவறியாயிற்று. இன்னொரு முறை தவறினால் தெளிப்பை நிறுத்திவிடுவார்கள். அவள் அண்ணன் கார்டியும் தெளிப்பில்தான் வேலை பார்த்தான்.

புதன்கிழமை அவன் காட்டிலிருந்து போன் செய்தான்.

"என்ன, உன் பூச்சிங்க சாப்பிட்டுச்சா?"

"சாப்பிட்டுச்சு. நீ ஏதாவது சுட்டியா?"

"ரெண்டு பீர் டப்பா. நாளைக்கு நன்றி சொல்ற பண்டிகை, அதுக்காவது வாடி. வான்கோழிய நாங்க வெட்டினா பாதி நாய்க்குத்தான் போகும்."

அவளுக்குக் கண் எரிந்தது, இடுப்பு விட்டுப்போயிருந்தது. மேலாளர் டுவேன் பிரிபில் அவள் முகத்தைப் பார்த்தார்.

"போயிட்டு வா. தட்டுல ஊத்தணும், அவ்வளவுதானே? நான் பார்த்துக்கறேன்."

போனாள். வான்கோழியைத் தின்ற நேரம் போக மீதி நேரமெல்லாம் தூங்கினாள்.

ஞாயிறு காலை திரும்பி வந்து சில்லுக்குள் கையை விட்டாள். முழங்கை வரை காய்ந்து கிடந்தது.

"டுவேன், தண்ணி எங்கே?"

"அடைச்சுக் குழாயக் காலி பண்ணிட்டேன். என்ன குளிர் பார்த்தியா? உள்ள தண்ணி உறைஞ்சு வெடிச்சிருக்கும். எங்க காட்டு கேபின்ல வருஷா வருஷம் அப்படித்தான் பண்ணுவோம்."

"ஈரம் இல்லேன்னா அதுங்க செத்துடும்."

"தட்டு ஒருநாள்கூட தவறலியே, வெர்னா."

 தண்ணீரைப் பற்றி அவளும் சொல்லிவிட்டுப் போகவில்லை. இருவருமாகக் குழாயைத் திறந்து இருட்டும்வரை நனைத்தார்கள். தண்ணீர் சில்லில் ஊறாமல் வெடிப்புகள் வழியே அடிக்கு ஓடியது.

திங்களன்று சோதனை தவறியது. தெளிப்பில் இருந்த எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பினார்கள், கார்டி உட்பட. வெர்னாவை வைத்துக்கொண்டார்கள். பழைய சில்லை அள்ளிப் புதியதைக் கொட்ட ஆள் வேண்டியிருந்தது.