மூன்றாவது ஹோல்டர்

ஆம்புலன்ஸ்காரர்கள் அவர் உடலை ஹாலில் கிடத்திவிட்டுப் போய்க் கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது. அதற்குள் அவருடைய மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினான் கண்ணாடி. சோடாபுட்டிக் கண்ணாடி போட்டிருந்ததால் லேபில் அவனுக்கு அதுவே பெயராகிவிட்டது. அவள் கணவரோடு ஒன்பது வருஷமாக வேலை பார்க்கிறவன். கிளினிக் கிளினிக்காகப் போய் ரத்த சாம்பிள்களை வாங்கி, ஐஸ் பெட்டியில் வைத்து, சூடு ஏறுவதற்குள் லேபில் சேர்ப்பது இருவருக்கும் வேலை.

"ஸ்டேஷன்ல கையெழுத்துப் போட்டு வாங்கிட்டேன் அண்ணி" என்றான். முகத்தைப் பார்க்கவில்லை.

அவள் எழுந்து வெளியே வந்தாள். வண்டியைக் கட்டிக்கொண்டு அழப் போகிறாள் என்று நினைத்து உள்ளே இருந்தவர்கள் வழிவிட்டார்கள். அவளுக்கு அழுகை வரவில்லை. முந்தாநாள் ஒரு போலீஸ்காரர் சொன்னது முள்ளாகத் தைத்துக்கொண்டிருந்தது. "நேர் ரோடும்மா. எதிர்ல வண்டி இல்லை, குழியும் இல்லை. தானாப் போய் நடுச்சுவத்துல மோதியிருக்காரு. கவனம் வேற எங்கேயோ இருந்திருக்கு."

பதினெட்டு வருஷம் வண்டி ஓட்டி உடம்பில் ஒரு கீறல் வாங்காத மனுஷனின் கவனம் எங்கே போயிருக்கும்?

ஹேண்டில்பாரைப் பார்த்தாள். நடுவில் ஒரு ஹோல்டர், லேப் கொடுத்த போனுக்கு. வழி பார்ப்பதும் அடுத்த கிளினிக் எது என்று பார்ப்பதும் அதில்தான். வலப்பக்கம் இன்னொன்று, ஐஸ் பெட்டியின் சூடு காட்டும் சின்ன மீட்டருக்கு. இரண்டையும் அவர் வீட்டு வாசலில் உட்கார்ந்துதான் மாட்டினார். பழைய சைக்கிள் டியூபைப் பட்டை பட்டையாக வெட்டி, குழாயைச் சுற்றி, அதன் மேல் கிளாம்பை இறுக்கினார். "ரப்பர் இல்லாம இறுக்கினா நாலே நாள்ல ஆடிப்போயிடும்" என்று சொல்லிக்கொண்டே ஸ்பானருக்குக் கை நீட்டுவார். எடுத்துக் கொடுத்தது அவள்தான்.

இடப்பக்கம், கிளட்ச்சை ஒட்டி, மூன்றாவதாக ஒன்று இருந்தது. அதற்கு அவள் ஸ்பானர் எடுத்துக் கொடுத்ததாக ஞாபகம் இல்லை. அந்த இடத்தில் வெறும் வளையத்தைப் பார்த்திருக்கிறாள். சைடு மிரர் மாட்டுகிற வளையம் என்று விட்டுவிட்டாள். இப்போது வளையத்தின் மேல் ஒரு சின்னப் பிடி. அடியில் அதே டியூப் ரப்பர், தேய்ந்து பளபளத்தது. மாட்டி ஒரு வருஷத்துக்குக் குறையாது. பிடியின் ஒரு பல் வெளிப்பக்கமாக வளைந்திருந்தது. எதையோ அவசரமாகப் பிடுங்கியிருக்கிறார்கள்.

"இதுல என்ன இருந்தது?"

"எதுல அண்ணி?"

"இதுல."

"அது சும்மா... அண்ணனைத் தெரியாதா உங்களுக்கு? எதையாவது மாட்டிக்கிட்டே இருப்பாரு. வண்டியா ஏரோப்ளேனான்னு நாங்ககூடக் கிண்டல் பண்ணுவோம்."

கேட்டது ஒரு வார்த்தை. அவன் சொன்னது நாலு வாக்கியம். அவள் குரலை இறக்கினாள். "அங்க முதல்ல போய்ச் சேர்ந்தது யாரு?"

"நான்தான்."

"போலீஸ்காரங்க வர்றதுக்கு முன்னாடியா?"

மூக்கில் வழிந்த கண்ணாடியை அவன் மேலே தள்ளினான். அது மறுபடி வழிந்தது.

"கொடு" என்றாள்.

பேன்ட் பையிலிருந்து ஒரு பட்டன் போனை எடுத்தான். உள்ளங்கையில் அடங்குகிற அளவு. "அண்ணனே சொன்னாரு அண்ணி. நான் போனப்ப நினைவு இருந்தது. 'இதை எடுத்துடு, வீட்டுல காட்டாதே'ன்னாரு. அதுக்கப்புறம் பேசலை. சாயங்காலம் ஆனா இதைப் பிடியோட கழட்டி லேப் பெட்டியில வெச்சுப் பூட்டிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்புவாரு. யாருன்னு நான் கேட்டதில்லை, சத்தியமா."

கடைசி வார்த்தை என்னவாக இருந்திருக்கும் என்று இரண்டு ராத்திரியாக அவள் யோசித்துக்கொண்டிருந்தாள். பிள்ளை இல்லாத வீடு. தன் பெயரைச் சொல்லியிருப்பார் என்றுதான் ஒரு மூலையில் நம்பிக்கொண்டிருந்தாள்.

போனில் ஒரே ஒரு எண் இருந்தது. 'காலை' என்று பதிந்திருந்தார். காலையாம்! முந்தாநாள் எட்டு மணிக்கு ஆரம்பித்து வரிசையாகப் பதினோரு அழைப்புகள். ஒன்றைக்கூட அந்தப் பக்கம் எடுக்கவில்லை. கடைசி அழைப்பு எட்டு முப்பத்தொன்று. அவர் மோதியது எட்டரை தாண்டி ஓரிரு நிமிஷத்தில் என்று ஸ்டேஷனில் எழுதியிருந்தார்கள்.

ஆக, யாரோ ஒருத்தி எடுக்கவில்லை என்று தவித்துப்போய், குனிந்து குனிந்து அந்தப் பட்டனை அமுக்கிக்கொண்டே போயிருக்கிறார்.

போனை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு உள்ளே வந்து அவர் தலைமாட்டில் உட்கார்ந்தாள். மாமியார் அவள் தோளில் சாய்ந்து விசும்பினாள். அவள் கண் மட்டும் ஒவ்வொரு பெண்ணாகப் போய் வந்தது. லேப் வரவேற்பில் உட்காருகிறவள் வந்ததிலிருந்து கைக்குட்டையை எடுக்கவேயில்லை. கூட வேலை பார்த்தவருக்கு இவ்வளவு அழுகையா? எதிர் வீட்டுக்காரி ஏன் சுவரோரமாகவே நிற்கிறாள்?

முந்தானைக்குள் விரல் பச்சைப் பட்டனைத் தேடி அமுக்கியது.

ஹாலில் எந்தப் போனும் ஒலிக்கவில்லை. வரவேற்புக்காரியின் கைப்பை அவள் மடியில் சும்மா கிடந்தது. எதிர் வீட்டுக்காரி கொட்டாவியை அடக்கினாள். முந்தானைக்குள்ளிருந்து போனை எடுத்துத் தன் காதுக்குக் கொண்டுபோனாள். யார் பார்த்தாலும் பார்க்கட்டும். நாலாவது மணியில் எடுத்தார்கள்.

"மாமா?"

ஒரு ஆணின் குரல். நடுங்கியது. செத்துப்போனவரின் எண்ணிலிருந்து வந்த அழைப்பை எடுத்தவனின் குரல் வேறு எப்படி இருக்கும்? மறுபடியும், "மாமா..."

ஆறு வருஷம் ஆனாலும் தம்பியின் குரல் மறந்துவிடுமா?

அவள் எழுந்து வாசலுக்கு வந்தாள். தெருவுக்கு எதிர்ப்பக்கம், மூடிக் கிடந்த கடையின் ஷட்டர் நிழலில், போனைக் காதில் வைத்தபடி அவன் நின்றிருந்தான். தாடியில் நரை. அம்மாவுக்கு மூச்சு முட்டிய அன்று மருந்து வாங்கிவரச் சொல்லி ஆஸ்பத்திரியிலிருந்து அவனை அனுப்பினார்கள். மருந்துக் கடைக்குப் பக்கத்துச் சாராயக் கடையில் நுழைந்தவன் மறுநாள்தான் வந்தான். அன்றைக்கு அவனைத் தலைமுழுகியவள் அவள். அவன் பேச்சை எடுத்தால் வீட்டுக்காரரிடமே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவரும் பிறகு எடுத்ததில்லை.

தெருவைக் கடந்து அவன் எதிரில் போய் நின்றாள்.

"எத்தனை நாளா?"

"ஒன்றரை வருஷமாக்கா. தினமும் காலைல எட்டு மணிக்கு அடிப்பாரு. ஒண்ணும் பெரிசாப் பேச மாட்டாரு. 'சாப்பிட்டியா, வேலைக்குக் கிளம்பிட்டியா', அவ்வளவுதான். என் குரலைக் கேட்கத்தான் அடிப்பாரு. ரெண்டு வார்த்தையில கண்டுபிடிச்சுடுவாரு, போட்டிருக்கேனா இல்லையான்னு. இத்தனை நாள் நான் தொடலைக்கா."

"அன்னைக்கு?"

அவன் ஷட்டரைப் பார்த்தான்.

"பதினோரு தடவை அடிச்சிருக்காரு" என்றாள். "போன் உன் கையில இல்லையா?"

"கையிலதான் இருந்தது." போனைச் சட்டைப் பையில் போட்டான். "முந்தின ராத்திரி கூட வேலை செய்யறவனுக்குக் கல்யாணம். விடிய விடிய... எடுத்தா கண்டுபிடிச்சுடுவாரேன்னு... பார்த்துக்கிட்டே இருந்தேன்க்கா. எனக்கு ஏதாவது ஆயிடுச்சோன்னு பயந்துபோய்த்தான் விடாம அடிச்சிருப்பாரு."

அவள் கையை ஓங்கினாள், அது பாதியில் இறங்கிவிட்டது. தெருவில் ஒரு ஆட்டோ ஹாரன் அடித்துவிட்டு, வாசலில் போட்டிருந்த நாற்காலிகளைப் பார்த்ததும் மெதுவாகப் போனது.

"இன்னைக்கு?" என்றாள்.

"சத்தியமா இல்லக்கா."

அவள் கிட்டே போய் முகர்ந்து பார்த்தாள். வேர்வை, பீடி, மலிவான சோப்பு. வேறு வாடை இருக்கிற மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. அவருக்கு ரெண்டு வார்த்தை போதுமாம். அவளுக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

"வா" என்றாள்.

உள்ளே வந்து அவர் காலடியில் வெகுநேரம் நின்றான். பிறகு அவளே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை அவன் பக்கம் தள்ளினாள். நுனியில் உட்கார்ந்தான். தாடியில் அடையாளம் தெரியாமல், யாரென்று மாமியார் கண்ணால் கேட்டாள். "என் தம்பி" என்றாள்.

யாரோ தட்டில் டீ கொண்டுவந்தார்கள். அவன் ஒரு டம்ளரை எடுத்தான். விரல்கள் நடுங்கி, டீ விளிம்பைத் தாண்டி அவன் முழங்காலில் சிந்தியது. எதனால் அந்த நடுக்கம் என்று அவளுக்குத் தெரியவில்லை. கேட்கவும் இல்லை. எழுந்து ஒரு காலி டம்ளரைக் கொண்டுவந்தாள். அவன் கையிலிருந்ததை வாங்கி, பாதியை அதில் ஊற்றிக்கொண்டு, மீதியை அவனிடம் கொடுத்தாள்.