உடம்பு கேட்கிற எண்ணெய்

இடது காலை அழுத்தி நீட்டியபோது மடக்கென்று ஒரு சத்தம் கேட்டது. சவப்பெட்டி கொண்டுவந்திருந்த பெட்டிக்காரர் அதைச் சட்டை செய்யவில்லை. அவருக்கு அது தினமும் கேட்கிற சத்தம். அடுத்து வலது கையைப் பிடித்தார்.

"கைய எடுங்க," என்றாள் அவள்.

பெட்டிக்காரரும் கொழுந்தனும் திரும்பிப் பார்த்தார்கள். மருத்துவமனை சலவைக்கூடத்தில் இரவு முறை முடித்து அவள் காலை ஏழு மணிக்கு வீடு திரும்பியபோது, கணவர் தன் வேலை அறை நாற்காலியில் உட்கார்ந்தபடியே இறந்துபோயிருந்தார். தான் வரும்வரை யாரும் தொட வேண்டாம் என்று டாக்டர் போனில் சொல்லிவிட்டார். அவர் வந்து, விடியற்காலையிலேயே மாரடைப்பு என்று எழுதிக் கொடுக்க மணி பதினொன்று. அதற்குள் உடம்பு உட்கார்ந்த வாக்கிலேயே விறைத்துவிட்டது. அவருடைய மசாஜ் மேசையில் கிடத்திய பிறகும் வலது கை முழங்கையில் மடங்கி, மேலே தூக்கியபடி நின்றது.

"அம்மா, கை இப்படி நின்னா மூடி மூடாதும்மா. ஒரே அழுத்துதான். அவருக்கு வலிக்கவா போகுது?" என்றார் பெட்டிக்காரர்.

"எனக்கு வலிக்குதே."

"அண்ணி, மூணு மணிக்கு டீம் பசங்கல்லாம் வந்துடுவாங்க. நாலு மணிக்கு எடுக்கணும். இப்பவே லேட்டு," என்றார் கொழுந்தன்.

"ஒரு மணி நேரம் குடுங்க. நான் இறக்கிக் காட்டறேன்."

இருபத்தேழு வருஷம் ஒரு கால்பந்து அணிக்கு உடம்பு பிடித்துவிட்டவர் அவள் கணவர். யாருடைய காலையும் ஒரு தடவைகூட வெடுக்கென்று இழுத்ததில்லை. பையன்கள் 'எண்ணெய் டாக்டர்' என்று கூப்பிட்டால் மூக்குக்கு மேல் கோபம் வரும். எலும்பில் கோளாறு என்று விரலுக்குப் பட்டால் புட்டியைத் திறக்கவே மாட்டார், நிஜ டாக்டரிடம் விரட்டிவிடுவார். அப்பேர்ப்பட்ட மனுஷனைக் கடைசி நாளில் பூட்டை உடைக்கிற மாதிரி உடைத்துப் பெட்டியில் போடுவதா? அவள் விடுவதாக இல்லை.

ஒரே ஒரு சிக்கல், அவளுக்கு உடம்பு பிடித்துவிடத் தெரியாது. ஈரத் துணி மூட்டைகளைத் தூக்கித் தூக்கித் தோள் கழன்று வந்து விழுகிறவள் அவள். எண்ணெயோடு வந்து உட்கார்கிறவர் அவர். இத்தனை வருஷமும் அந்த வீட்டில் அப்படித்தான் நடந்தது.

அலமாரியைத் திறந்தாள். பதினொரு புட்டிகள். எண்ணெயைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அவர் ஓயமாட்டார். சாப்பிடும்போதும் பேசுவார், பஸ்ஸிலும் பேசுவார், ஒரு கல்யாண வீட்டில் மாப்பிள்ளையைப் பிடித்து வைத்துக்கொண்டு அரை மணி நேரம் பேசினார். அவள் பாதியைக் கேட்டாள், பாதிக்குத் தூங்கினாள். வறண்ட தோலுக்குப் பாதாம் எண்ணெய், ஆனால் கொட்டை வகை ஒத்துக்கொள்ளுமா என்று கேட்காமல் மூடியைத் தொடாதே. ரோமம் அடர்ந்தவனுக்குத் திராட்சை விதை எண்ணெய், லேசாக ஓடும், சட்டையில் ஒட்டாது. விளக்கெண்ணெய் தனியாக ஆகாது, கை நகராது, வேறு எண்ணெயில் கலக்க வேண்டும். யூகலிப்டஸ் சொட்டுக் கணக்கில்தான், அதிகமானால் தோல் எரியும். எல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில் ஒன்று சொல்வார்: "விலையப் பாத்து எடுக்காத. உடம்பக் கேட்டுட்டு எடு."

அவள் உடம்பைக் கேட்கவில்லை. கை தானாகத் தேங்காய் எண்ணெய்க்குப் போனது. அவள் தோளுக்கு அவர் போடுவது அதுதான். பனிக்காலக் குளிருக்கு உறைந்திருந்த புட்டியை வெந்நீரில் நிறுத்தி உருக்கி, அவருடைய முழங்கையில் ஊற்றித் தடவினாள். இரண்டு நிமிஷம் இருக்கும். எண்ணெய் தோல் மேலேயே வெள்ளை வெள்ளையாக உறைந்து நின்றது.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. காலையிலிருந்து டாக்டர் சொல்லியும், காகிதத்தில் எழுதிக் கொடுத்தும் உறைக்காதது. அந்த உடம்பில் சூடு இல்லை. மேசை விளிம்பில் நெற்றியை வைத்து, வாய்விட்டு அழுதாள். கொழுந்தன் ஒரு அடி முன்னால் வந்து, என்ன செய்வதென்று தெரியாமல் அங்கேயே நின்றார்.

"விட்டுடுங்கம்மா, நான் பாத்துக்கறேன்," என்றார் பெட்டிக்காரர், இந்தத் தடவை மெதுவாக.

"இருங்க. தப்பு என்னோடது. இது என் தோளுக்குப் போடற எண்ணெய், இவருக்கு இல்ல."

உறைந்ததைத் துண்டால் ஒற்றி எடுத்தாள். பிறகு, கல்யாணமான நாளிலிருந்து முதல் தடவையாக, உடம்பு பிடிக்கிறவர் கண்ணோடு அந்த உடம்பைப் பார்த்தாள். குளிர்ந்த உடம்பு, இறுகிய மூட்டு, வயதான தோல். குளிரில் உறையாதது வேண்டும். கனமாக நின்று மூட்டில் இறங்குவது வேண்டும். நல்லெண்ணெய். வேறு யோசனையே இல்லை.

அதை வெந்நீரில் சூடாக்கி, உள்ளங்கை இரண்டிலும் தேய்த்துத் தன் சூட்டையும் கொடுத்து, தோளில் வைத்தாள். முழங்கைக்குப் போகவில்லை. "கட்டு இருக்கற இடத்துக்கு நேரா போகாத. பக்கத்து வீட்டுல விசாரிச்சுட்டுப் போ," என்று அவர் சிரித்துக்கொண்டே சொல்வது பாதித் தூக்கத்திலும் அவள் காதில் விழுந்திருந்தது. தோள், மேல்கை, பிறகு மணிக்கட்டு. மறுபடி தோள். எண்ணெய் ஆறினால் புதிதாகச் சூடு செய்தாள். கொழுந்தன் தானாகவே போய் வெந்நீர் வைத்துக் கொண்டுவந்தார். இரண்டாம் தடவையும், மூன்றாம் தடவையும் கொண்டுவந்தார்.

"கொஞ்சம் விட்டுக் குடுங்களேன்," என்றாள் கணவரிடம், பக்கத்தில் ஆள் இருப்பதை மறந்து. "ஊருக்கெல்லாம் இளகிக் குடுத்தீங்க. எங்கிட்ட மட்டும் இந்தப் பிடிவாதமா?"

முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும். முழங்கை ஒரு விரற்கடை இளகியது. அவள் அவசரப்படவில்லை. அது வருகிற வழியிலேயே கூடப் போனாள். இன்னொரு விரற்கடை. பிறகு அந்தக் கை எந்தச் சத்தமும் இல்லாமல் இறங்கி அவர் பக்கத்தில் படுத்துக்கொண்டது.

பெட்டிக்காரர் தொப்பியைக் கழற்றினார். "இருபது வருஷமா இந்த வேலை பாக்கறேம்மா. எல்லாத்தையும் அழுத்திதான் போட்டிருக்கேன். எங்கம்மா இதப் படிச்சீங்க?"

"நான் எங்க படிச்சேன்? இவரு சொல்லிக்கிட்டே இருப்பாரு. நான் தூங்கிட்டேன்," என்றாள்.

வாசலில் பஸ் வந்து நின்றது. மணி மூன்றுகூட ஆகவில்லை, அணி முழுக்க இறங்கிவிட்டது. "அண்ணி, கையக் கழுவிட்டு வாங்க," என்று கொழுந்தன் துண்டை நீட்டுவதற்குள் அறை நிறைந்துவிட்டது. நேராகப் படுத்திருந்த அவரை ஒவ்வொருவராகப் பார்த்துவிட்டு, அவளிடம் வந்து, அவளுடைய எண்ணெய் ஊறிய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்கள்.

வெளியே போனவர்களை அவள் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். சட்டைக்கு இஸ்திரி போட்டு வந்திருந்த பையன்கள் எண்ணெய்க் கைகளை உடம்பில் படாமல் தள்ளிப் பிடித்தபடி வெயிலில் நின்றார்கள். கோச் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்தார், முகத்தைத் துடைத்தார், மடித்து உள்ளே வைத்தார். கையைத் துடைக்கவில்லை.