நான்காம் எண் துணி

ஆனேக்கல் பஸ்ஸில் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தபோதுதான் லவினாவுக்கு அந்தச் சந்தேகம் வந்தது. வலது இறக்கைக்கான பக்கத்தில் ஏழு டிக். ஏழும் ஒரே சாய்வில், ஒரே மூச்சில் போட்டவை.

அக்கா நோரா காலையிலேயே ஆனேக்கல் ஷெட்டுக்குப் போய்விட்டாள். இரண்டு வருடமாக அக்காவும் தங்கையும் சேர்ந்து கட்டும் இரண்டு சீட் விமானம் அது. இன்று இறக்கையின் மேல்மூடியை ஒட்டப் போகிறார்கள். ஒட்டிவிட்டால் உள்ளே யாரும் பார்க்க முடியாது.

ஃபைபர்கிளாஸ் துணியை ரெசின் பசையில் நனைத்துப் படியவைத்ததும், அதன்மேல் மெல்லிய நைலான் துணி ஒன்றைப் பரப்புவார்கள். ரெசின் இறுகியபின் அதை உரித்தால் அடியில் சொரசொரப்பு கிடைக்கும். அடுத்த அடுக்கு அதைப் பிடித்துக்கொள்ளும். உரிக்க மறந்து மேலே ஒட்டினால் பிடிப்பே இராது. விமானம் கட்ட இருவரும் சேர்ந்து படித்த மாலை வகுப்பில் முதல் வாரமே சொல்லித்தந்த பாடம். அதனால்தான் லவினா ஒவ்வொரு துணியின் மூலையிலும் பால்பாயிண்டில் எண் போடுவாள்; உரித்ததை ஒரு சாக்கில் சேர்த்துவைத்து, நோட்டில் டிக் போடுவாள்.

ஷெட்டுக்குள் நுழைந்ததும் நேரே அந்தச் சாக்கைத்தான் கவிழ்த்தாள். ஒன்று, இரண்டு, மூன்று, ஐந்து, ஆறு, ஏழு.

"என்னடி, வந்ததும் குப்பையைக் கிளர்றே? ரெசின் அளந்தாச்சு. ஹார்டனர் ஊத்தறேன்."

"ஊத்தாதேக்கா. நாலு இல்ல."

காற்றில் பறந்திருக்கும் என்றாள் நோரா. பிரேசர் டவுன் வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனையிலிருந்து மூன்று தடவை திரும்பி ஓடி இழுத்துப் பார்க்கிறவள்தானே நீ என்றும் கேட்டாள். அது உண்மை. பூட்டு ஒரு தடவைகூடத் திறந்திருந்ததில்லை. துணி உரித்த ஏழு இடத்திலும் அடுத்த அடுக்கை ஒட்டியாகிவிட்டது; உளியால் நெம்பித்தான் பார்க்க முடியும். இதுவும் அப்படித்தான் என்றால், நல்ல இறக்கையை வீணாகக் கொத்திய பழி லவினாவுக்கு.

"அன்னிக்கு நான்தானே உரிச்சேன். நீயும் டிக் போட்டிருக்கியே."

"நான் பார்க்காமலே போட்டேன்க்கா."

நோரா அவளையே பார்த்தாள். கையிலிருந்த ஹார்டனர் டப்பாவைக் கீழே வைத்துவிட்டு உளியை எடுத்து நீட்டினாள்.

லவினா முதலில் மூன்றாவது இடத்தில் ஓரமாக உளியைச் செருகிப் பார்த்தாள். மேலடுக்கு அசையவில்லை, இழைதான் பிய்ந்தது. பிறகு நான்காவது இடத்துக்குக் கையை நகர்த்தினாள். லேசாக நெம்பினாள். வாழைப்பட்டை உரிவதுபோல மேலடுக்கு முழுசாகக் கையோடு வந்துவிட்டது. அடியில் நைலான் துணி. அதன் மூலையில் அவள் கையெழுத்தில் நான்கு.

நோரா தரையில் உட்கார்ந்துவிட்டாள். அன்று நடுவில் ஆபீஸிலிருந்து போன் வந்தது, வெளியே போய்ப் பேசினேன், திரும்பி வந்து ஐந்திலிருந்து ஆரம்பித்திருப்பேன் என்று தனக்குத்தானே சொல்வதுபோலச் சொன்னாள். 

"பறக்கறப்போ பக்கத்து சீட்ல உன்னைத்தானேடி உட்கார வெச்சிருப்பேன்."

 சுரண்டித் தேய்த்து மறுபடி அடுக்க இரண்டு சனிக்கிழமையாவது ஆகும் என்றாள் லவினா. பிறகு நோட்டை எடுத்து, ஏழு டிக்கையும் குறுக்கே கோடிழுத்து அடித்தாள்.

"மத்ததெல்லாம் சரியாத்தானே இருக்கு?" என்று கேட்டாள் நோரா.

"இருக்கு. இருந்தாலும்..."

இந்தத் தடவை நோரா கிண்டல் செய்யவில்லை. கிடந்த துணிகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, ஒவ்வொன்றாகத் தூக்கிப் பிடித்து எண்ணைச் சத்தமாகப் படித்தாள். லவினா துணியைப் பார்த்த பிறகே டிக் போட்டாள். மூன்று முடிந்ததும் நோரா எழுந்துபோய், இறக்கையில் ஒட்டியிருந்த துணியைத் தன் கையாலேயே உரித்துக்கொண்டு வந்தாள்.

"நாலு," என்றாள்.