வெறும் தண்ணீரின் கோடு

...தண்ணீருக்குள் ஒன்றும் இருக்காது, இருக்கக் கூடாது, இருந்தால் அது தண்ணீரே இல்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அவள் நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டாள், பக்கத்தில் போனால் மட்டும் என்ன, கோடு பயந்துபோய்ப் படுத்துக்கொள்ளப் போகிறதா... சோதனைக் குழாய்களைச் செருகிய இயந்திரம் சூடாவதும் ஆறுவதுமாகத் தன் பாட்டுக்கு முனகிக்கொண்டிருந்தது. குழாய்க்கு ஒன்றாக இருந்த கோடுகள் எல்லாம் இப்போதைக்குத் திரையின் அடியில் ஒன்றாகத்தான் கிடந்தன. ஆரோக்கியமானவர்களின் குடலில் இருக்கிற, குடல்புண் நோயாளிகளிடம் இல்லாத அந்த ஒரு பாக்டீரியா, இந்த ஆய்வுக்கூடமே 'நல்ல பிள்ளை' என்று செல்லம் கொஞ்சுகிற அது, குழாயில் இருந்தால் அதன் கோடு மேலே ஏறும், இல்லாவிட்டால் கிடந்தது கிடந்தபடி கிடக்கும். ஒரே ஒரு குழாயில் மட்டும் யாருடைய மலமும் இல்லை, வெறும் தண்ணீர், அந்தக் கோடு ஏறக் கூடாது, ஏறினால்... ஏறாது. ஏன் ஏறாது? நீயே சுத்தம் செய்தாய் என்பதாலா? உன் கை அவ்வளவு சுத்தமா?

ஒழுங்காக யோசி, முதலிலிருந்து. நோயாளிகளின் மாதிரிகள் மாதக்கணக்கில் ஒன்றிரண்டாக வந்தன, வரவர அவற்றிலிருந்து பாக்டீரியாக்களின் மரபணுவைப் பிரித்தோம், ஒவ்வொரு தடவையும் வேறு வேறு பெட்டியின் திரவம். ஆரோக்கியமானவர்களின் மாதிரிகள் மொத்தமாக வந்து இறங்கின, எல்லாவற்றையும் ஒரே பெட்டியிலிருந்த திரவத்தால் பிரித்தோம். ஒவ்வொரு தடவையும் கூடவே ஒரு குழாயில் வெறும் தண்ணீரையும் போட வேண்டும், திரவத்திலேயே அழுக்கிருந்தால் அது காட்டிக்கொடுத்துவிடும், முதல் வாரமே சொல்லிக்கொடுக்கிற பாடம் அது. ஆரோக்கியமானவர்களுடையதைப் பிரித்த அன்றைக்கு மட்டும், அந்த இடத்தில் இன்னொரு ஆளின் மாதிரியை வைத்துக்கொள்ளலாமே, தண்ணீருக்கு எதற்கு ஒரு இடம் என்று பேச்சு வந்தது. எல்லோரும் தலையாட்டினோம். அப்படியானால் அந்த நல்ல பிள்ளை ஆரோக்கியமானவர்களின் வயிற்றிலிருந்து வந்ததா, பெட்டியிலிருந்து வந்ததா? கேள்வி இவ்வளவு சின்னதாக இருக்கிறதே, இதை ஏன் யாரும் கேட்கவில்லை, நான் ஏன் கேட்கவில்லை... நேற்று அலமாரியைத் துடைக்கும்போதுதான் அந்தப் பெட்டி கண்ணில் பட்டது, அடியில் கொஞ்சம் திரவம் மிச்சம், இன்றைக்கு, ஆய்வுக்கூடத் தலைவியான மேடத்திடம் மூச்சு விடாமல், மாதிரிக்குப் பதில் வெறும் தண்ணீரை வைத்து அதே திரவத்தால் பிரித்து இயந்திரத்தில் ஏற்றிவிட்டாள்.

உறைபெட்டிகளைப் பார்த்துக்கொள்கிறவர், எல்லோருக்கும் அவர் 'ஐஸ்', கையுறையைக் கழற்றியபடி எட்டிப் பார்த்தார். "என்னம்மா, தண்ணிக்குப் போய் டெஸ்ட்டா? தண்ணிக்கு வயித்து வலியா?" என்றார். அவள் சிரித்தாள், சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. "மேடத்துக்குத் தெரியுமா?" "இல்லண்ணே." "நாளைக்கு ஆஸ்பத்திரியில மாத்திரை குடுக்க ஆரம்பிக்கிறாங்க. இன்னைக்குப் போய் இத நோண்டுற பாரு." திட்டவில்லை, அக்கறையாகத்தான் சொன்னார். நல்ல பிள்ளையை அடைத்த மாத்திரை. நாளை முதல் ஆளாகப் பெயர் கொடுத்திருப்பவள் அக்கா. அக்காவைச் சேர்த்துவிட்டது யார்? யாரும் சேர்க்கவில்லை, அக்காவேதான் சேர்ந்தாள்... இல்லை, பொய், சாப்பாட்டு மேசையில் கை ஆட்டி ஆட்டிப் பேசியது யார்?

போன் அதிர்ந்தது. அக்காதான். "ஏன்டி, நாளைக்கு வெறும் வயித்தோட வரணுமா, சாப்பிட்டு வரணுமா? அந்த டாக்டர் என்னமோ சொன்னாரு, நான் உன் மூஞ்சிய நெனச்சுக்கிட்டே தலையாட்டிட்டேன்." "சாப்பிட்டு வரலாம்க்கா." "அப்புறம், பழைய மாத்திரைய நாளைக்கு நிறுத்தச் சொன்னாங்கல்ல, நான் போன வாரமே நிறுத்திட்டேன். எதுக்கு ரெண்டையும் போட்டு ஒடம்பக் கெடுக்கணும்? நீ கண்டுபிடிச்ச மருந்து இருக்கறப்போ அது எதுக்கு?" "நான் கண்டுபிடிக்கலக்கா..." "சரிடி, அடக்கமாத்தான் இரு. ஊரு ஒலகத்து வயித்தயெல்லாம் நோண்டினதுக்கு என் வயித்துக்காவது ஆச்சே. ரொம்ப நாளைக்கப்புறம் எனக்குப் பயமே இல்ல, தெரியுமா?" சிரித்துவிட்டு வைத்துவிட்டாள்.

போன வாரமே. முன்பு ஒரு தடவை மாத்திரையை விட்டபோது குளியலறைத் தரையில் குந்தியிருந்தாளே, கதவைத் தட்டத் தட்ட 'ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல' என்றாளே, திறந்தபோது தண்ணீர் ஊற்றி ஊற்றியும் போகாத சிவப்பு... கோடுகளில் சில இப்போது தலைதூக்கத் தொடங்கிவிட்டன, ஆரோக்கியமானவர்களுடையவை, ஒழுங்காக, அழகாக. தண்ணீரின் கோடு அசையவில்லை. அசைகிறதோ? நுனியில் ஒரு சின்ன நடுக்கம், இயந்திரத்தின் நடுக்கமாகவும் இருக்கலாம், கண் கூசுவதாகவும் இருக்கலாம். முழுசாக முடியட்டும். முடிந்ததும் இன்னொரு தடவை போட்டுப் பார்க்கலாம், அதுதானே முறை, அப்புறம் மேடம், அப்புறம் ஆஸ்பத்திரி, அதற்குள் அக்கா... அக்காவின் குடலுக்கு இந்த முறை தெரியுமா?

அவள் எழுந்து தாழ்வாரத்துக்கு வந்து போன் போட்டாள். "என்னடி, மறுபடியும்?" "அக்கா, பழைய மாத்திரையப் போடு. இப்பவே. ஆஸ்பத்திரிக்கும் நான் சொல்லிக்கிறேன்." "ஏன், என்னாச்சு? உங்க மருந்து சரியில்லையா?" "தெரியல." "அப்ப சரியா இருக்கா?" "தெரியலக்கா." அந்தப் பக்கம் எங்கோ குழாயில் தண்ணீர் கொட்டுவது கேட்டது, பிறகு நின்றது. "தெரியாததுக்கா ஒரு வருஷமா அவ்வளவு பேசுன?" என்றாள் அக்கா, கோபமில்லாமல், நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவள் போல. இத்தனை நாளில் தன் வேலையைப் பற்றி அக்காவிடம் சொன்ன முதல் உண்மை இந்தத் 'தெரியல'தான் என்று தோன்றியது. உள்ளே இயந்திரம் ஓடி முடித்துக் கூவியது. "சொல்லுடி," என்றாள் அக்கா.